முதலில் என்னை மறுத்த சேவைக்கே முதலிடம்: வெளிநாட்டுத் தன்னார்வத் தொண்டுப் பயணங்கள் பற்றிய மதிப்புரை

வெளிநாடு சென்று தன்னார்வத் தொண்டு செய்ய விரும்புகிறவர்களுக்கு வழி ஏற்படுத்தித் தரும் சேவைகள் இன்று ஏராளமாக உள்ளன. அவற்றுள் மூன்றை, சில ஆண்டு இடைவெளிகளில், நானே பயன்படுத்தியிருக்கிறேன். முதலாவது, கட்டணம் பெற்றுக்கொண்டு தென்கிழக்கு ஆசியாவில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு மூன்று வாரம் ஆங்கிலம் கற்பிக்க என்னை அனுப்பிவைத்த முகவர் நிறுவனம். இரண்டாவது, பல நாட்டு இளைஞர்களை ஓரிடத்தில் கூட்டி இரண்டு வாரம் உடலுழைப்பில் ஈடுபடுத்திய தொண்டு முகாம். மூன்றாவது, கோஸ்டாரிகாவின் கரீபியக் கரையில் கடலாமைகளைக் காத்துவரும் ஒரு சிறிய திட்டம். அங்கே ஆறு வாரம் இருந்தேன். விளம்பரப் படங்களை நம்பி முதலாவதைத் தேர்ந்தெடுத்தவன் நான். இப்போது முதல்முறையாகப் புறப்பட எண்ணுகிறவர்கள் அதே வாசல் வழியாக நுழைய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

மூன்றையும் அளக்க நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். விண்ணப்பித்தவரிடம் அந்தச் சேவை என்ன கேட்கிறது, தகுதி இல்லையென்றால் ‘நீங்கள் வர வேண்டாம்’ என்று சொல்லும் நிலையில் அது இருக்கிறதா என்பதே அது. தங்குமிடம், போக்குவரத்து, உணவு ஆகியவற்றை எல்லாரும் ஒப்பிடுகிறார்கள். அவை முக்கியமே. ஆயினும் ஒரு விடுதியை மதிப்பிடுவதுபோல் இச்சேவைகளை மதிப்பிட்டால், நாம் போய் இறங்கும் ஊரில் வாழ்கிற மனிதர்கள் அந்தக் கணக்கில் எங்குமே இடம்பெறாமல் போய்விடுகிறார்கள். எந்தச் சேவையின் பெயரையும் நான் குறிப்பிடவில்லை. நான் கண்ட குறைகள் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை என்பதைவிட, அந்த ஏற்பாட்டு முறைக்கே உரியவை என்று கருதுகிறேன்.

முகவர் நிறுவனத்திடம் பதிவு செய்ய எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பெயர், கடவுச்சீட்டு எண், புறப்பட விரும்பும் தேதி, கடன் அட்டை விவரம் ஆகியவற்றைக் கேட்டார்கள். நான் இதற்கு முன் யாருக்கேனும் பாடம் நடத்தியிருக்கிறேனா என்று கேட்கவில்லை. அந்நாட்டு மொழியில் ஒரு சொல்லாவது தெரியுமா என்று கேட்கவில்லை. ஏழெட்டு வயதுக் குழந்தைகளோடு நாள் முழுவதும் பழகப் போகிறவனிடம் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றைக்கூடக் கேட்கவில்லை. அப்போது அதை வசதி என்று எண்ணி மகிழ்ந்தேன். நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், பயண ஏற்பாடு என்ற அளவில் அவர்களிடம் குறை காண இடமில்லை. விமான நிலையத்தில் ஆள் காத்திருந்தார், அறை சுத்தமாக இருந்தது, எந்த நேரத்தில் தொலைபேசியில் அழைத்தாலும் மறுமுனையில் பதில் கிடைத்தது. வார இறுதிகளில் சுற்றுலாவும் உண்டு. பணம் செலுத்திய எனக்குத் தேவையான அனைத்தையும் அவர்கள் முன்கூட்டியே சிந்தித்திருந்தார்கள்.

பள்ளிக்குத் தேவையானது எது என்பதைச் சிந்தித்தவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கு ஒதுக்கப்பட்ட வகுப்பில் நிரந்தர ஆசிரியை ஒருவர் இருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் அவர் தம் பாடத்தை நிறுத்திவிட்டு, வகுப்பின் பின்பக்கம் போய் நின்றுகொண்டார். முதல் வாரம் முழுவதும் அவ்வாறே நின்றார். முதல் நாள் நான் நிறங்களின் பெயர்களைக் கற்பித்தேன். குழந்தைகள் நான் வாயைத் திறக்கும் முன்பே உரக்கச் சொன்னார்கள். எவ்வளவு கூர்மையான பிள்ளைகள் என்று வியந்தேன். இரண்டாம் நாள் விலங்குகளின் பெயர்கள். அதுவும் அப்படியே நடந்தது. இரண்டாம் வாரம்தான் ஆசிரியையின் மேசை மேல் ஒரு கோடிட்ட நோட்டைப் பார்த்தேன். வந்துபோன தன்னார்வலர்களின் பெயர், நாடு, அவர்கள் நடத்திய பாடம் ஆகியவற்றை அவர் தேதி வாரியாக எழுதிவைத்திருந்தார். அந்த நோட்டில் ‘நிறங்கள்’ என்ற சொல் ஒன்பது முறை இருந்தது. பத்தாவது முறை என் பெயருக்கு எதிரே இருந்தது.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குத் தெரிந்த சிறிது ஆங்கிலத்திலும் எனக்குத் தெரிந்த சில சைகைகளிலும் அன்று மாலை வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். தன்னார்வலர் வராத வாரங்களில்தான் தம்மால் பாடத்திட்டத்தை நகர்த்த முடிகிறது என்று அவர் சொன்னார். அதை அவர் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. விருந்தினர் மனம் நோகக் கூடாதே என்ற கவலையோடுதான் சொன்னார். அந்தக் கனிவே என்னை மிகவும் வருத்தியது. மீதமிருந்த நாட்களில் நாங்கள் இடம் மாறினோம். அவர் பாடம் நடத்தினார், நான் பின்பெஞ்சில் அமர்ந்தேன். பள்ளி முடிந்தபின் அவருடைய ஆங்கில உச்சரிப்புக்கு நான் ஒரு மணி நேரம் துணை நின்றேன். அந்த நோட்டில் நான் விட்டுவந்த ஒரே பயனுள்ள காரியம், அதுவரை எல்லாரும் நடத்திய பாடங்களின் பட்டியலை முன்பக்கத்தில் எழுதி, ‘இவற்றை மீண்டும் நடத்த வேண்டாம், ஆசிரியையைக் கேட்டுத் தொடங்கவும்’ என்று குறித்ததுதான். அந்த ஒரு பக்கத்தை முகவர் நிறுவனம் முதல் தன்னார்வலரை அனுப்பிய நாளிலேயே தயாரித்திருக்கலாம்.

நீண்ட காலமாக இத்துறையில் இருக்கும் அமைப்புகள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டன என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். அமெரிக்காவில் 1961-இல் தொடங்கப்பட்ட அமைதிப் படை (Peace Corps) என்ற அரசுத் தன்னார்வத் தொண்டு அமைப்பில் ஒருவருடைய பணிக்காலம் 27 மாதங்கள். அதில் ஏறத்தாழ முதல் மூன்று மாதம், செல்லும் நாட்டிலேயே மொழியும் பழக்கவழக்கங்களும் கற்பதற்கு ஒதுக்கப்படுகிறது. அதாவது, அவர்களுடைய தன்னார்வலர் மொழி பழகத் தொடங்கும் காலத்துக்குள் நான் வேலையை ‘முடித்து’ ஊர் திரும்பியிருந்தேன். பிரிட்டனில் 1958-இல் தொடங்கப்பட்ட வி.எஸ்.ஓ. (Voluntary Service Overseas) என்ற வெளிநாட்டுத் தன்னார்வத் தொண்டு அமைப்பு, தொடக்கத்தில் பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு வயது இளைஞர்களை அனுப்பியது. காலப்போக்கில் தொழில் அனுபவம் உள்ள ஆசிரியர், செவிலியர், பொறியாளர் போன்றோரைத் தேடத் தொடங்கியது. ஜப்பான் 1965 முதல் அனுப்பிவரும் வெளிநாட்டு ஒத்துழைப்புத் தன்னார்வலர்களுக்கும் பணிக்காலம் பொதுவாக இரண்டு ஆண்டு. இவற்றின் மீதும் விமர்சனங்கள் உண்டு. 1968-இலேயே மெக்சிகோவில் இவான் இல்லிச் என்ற சிந்தனையாளர், கோடை விடுமுறைத் தொண்டுக்கு வந்திருந்த அமெரிக்க மாணவர்களின் முன்னிலையிலேயே, நீங்கள் தொண்டு செய்ய வர வேண்டாம் என்று கூறியிருக்கிறார். அவருடைய கருத்து முழுவதையும் நான் ஏற்கவில்லை. ஆனால் அந்த வகுப்பறையில் நின்றபோது அவர் சொன்னதன் நியாயம் எனக்கு உறைத்தது.

பள்ளியைவிடக் கடுமையான எச்சரிக்கை தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது. அதே முகவர் நிறுவனத்தின் பட்டியலில் அநாதை இல்லங்களும் இருந்தன. நல்லவேளையாக நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுத்திருந்தால் அதற்கும் என்னிடம் எந்தச் சான்றும் கேட்டிருக்க மாட்டார்கள். கம்போடியாவில் 2005-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் இத்தகைய இல்லங்களின் எண்ணிக்கை வேகமாகப் பெருகியதையும், அங்கிருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்ததையும் யுனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகள் எடுத்துக்காட்டின. பார்வையாளர்களும் நன்கொடைகளும் வரும் இடத்துக்கு, வறுமையில் வாடும் குடும்பங்களிலிருந்து குழந்தைகள் கொண்டுவரப்படுகிறார்கள் என்பதே இதன் பொருள். குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப்பொருள்கள் அல்லர் என்ற முழக்கத்துடன் 2011-இல் அங்கேயே ஓர் இயக்கம் எழுந்தது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை குழந்தை உரிமைகள் பற்றிய தீர்மானத்தில், சுற்றுலாவோடு இணைந்த அநாதை இல்லத் தொண்டினால் விளையும் தீங்குகளைத் தடுக்க வேண்டும் என்று உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. சில வாரங்களுக்கு ஒருமுறை ஒருவர் வந்து மடியில் வைத்துக் கொஞ்சுவதும், பின் திரும்பி வராமலே போவதும் குழந்தையின் மனத்தில் என்ன செய்யும் என்பதை விளக்க நிபுணர்கூடத் தேவையில்லை. அநாதை இல்லங்களைப் பட்டியலில் வைத்திருக்கும் எந்தச் சேவையையும், அதன் மற்றத் திட்டங்கள் எவ்வளவு சிறப்பாகத் தோன்றினாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தொண்டு முகாமைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே நடந்தது எளிமையானது. பன்னிரண்டு பேர், ஒன்பது நாட்டவர், ஒரு மலையடிவாரத்தில் சிதைந்துபோன கற்பாதையை உள்ளூர் இளைஞர்களோடு சேர்ந்து சீர்ப்படுத்தினோம். இந்த முகாம் மரபுக்கு நூறாண்டு வரலாறு உண்டு. முதல் உலகப் போர் முடிந்தபின், 1920-இல், பிரான்சில் வெர்டன் போர்க்களத்துக்கு அருகே இருந்த எஸ்ன் என்ற கிராமத்தை மீண்டும் கட்டியெழுப்ப, போரில் எதிரெதிரே நின்ற நாடுகளைச் சேர்ந்தவர்களையே ஒன்றாக அழைத்துச் சென்றார் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரெசோல். அதிலிருந்து பிறந்த பன்னாட்டுக் குடிமைத் தொண்டு அமைப்பு, 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் பீகாரிலும் வந்து கிராமங்களைக் கட்டும் பணியில் ஈடுபட்டது. வேலையைக் காட்டிலும், வேலைக்காக ஒன்றாக வாழ்வதையே இம்முகாம்கள் நோக்கமாகக் கொண்டவை. அதை அவர்கள் மறைப்பதும் இல்லை. பாத்திரம் கழுவும் முறைப் பட்டியலில் எழுந்த சச்சரவைத் தீர்ப்பதற்கு நாங்கள் செலவிட்ட மாலை, கல் அடுக்கிய நாட்களைவிட அதிகம் கற்றுத் தந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர், மற்றவர்களுக்குப் புரியும்படி மெதுவாகப் பேசப் பழகுவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. விண்ணப்பத்தோடு ‘நீங்கள் ஏன் வர விரும்புகிறீர்கள்’ என்று ஒரு கடிதம் கேட்டார்கள். அதைப் படித்தும் இருந்தார்கள், ஏனென்றால் முதல் நாளே ஒருங்கிணைப்பாளர் அதிலிருந்து ஒரு வரியை எடுத்து என்னிடம் விளக்கம் கேட்டார். முதல்முறை செல்கிறவர்களுக்கு இதுவே ஏற்ற தொடக்கம் என்பது என் கருத்து.

கோஸ்டாரிகாவின் கடலாமைத் திட்டத்துக்கு முதல்முறை விண்ணப்பித்தபோது, என்னை ஏற்க இயலாது என்று பதில் வந்தது. இரண்டு காரணங்கள் எழுதியிருந்தார்கள். அந்தப் பருவத்துக்குப் போதிய ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள் என்பது ஒன்று. எனக்கு ஸ்பானிய மொழி தெரியவில்லை, இரவு ரோந்தில் குழுத் தலைவர் சொல்வது புரியாவிட்டால் எனக்கும் பிறருக்கும் ஆபத்து என்பது மற்றொன்று. ஆமையைக் காண்பது மட்டுமே நோக்கமானால், வழிகாட்டியோடு செல்லும் இரவு நடைக்குப் பதிவு செய்துகொள்வது எனக்கும் கடற்கரைக்கும் நல்லது என்றும் அக்கடிதம் மரியாதையாகக் கூறியது. மனம் சற்று வாடியது உண்மை. ஓராண்டு ஸ்பானியம் படித்தேன். மறுபடி விண்ணப்பித்தபோது நன்னடத்தைச் சான்று, இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், மென்மணலில் இரவு நேரத்தில் பத்துக் கிலோமீட்டர் நடக்க முடியும் என்பதற்கு மருத்துவர் ஒப்பம் ஆகியவற்றைக் கேட்டார்கள். பிறகு நாற்பது நிமிடம் தொலைபேசியில் ஸ்பானியத்திலேயே பேசினார்கள். சேர்ந்துகொள்ளலாம் என்ற செய்தி வந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை, கடன் அட்டை எண் ஏற்கப்பட்டபோது நான் உணர்ந்திருக்கவில்லை.

போய்ச் சேர்ந்த முதல் நாள் காலையில் ஒருங்கிணைப்பாளர் எங்கள் ஐந்து பேரையும் அமரவைத்து ஒன்றைத் தெளிவுபடுத்தினார். நாங்கள் தங்குவதற்குச் செலுத்தும் தொகையிலிருந்துதான் உள்ளூர் ரோந்துப் பணியாளர் நால்வருக்கு ஊதியம் செல்கிறது; திட்டத்துக்கு எங்களால் கிடைக்கும் முதன்மையான உதவி அதுவே; எங்கள் கைகள் இரண்டாவது உதவி; நாங்கள் வராத மாதங்களிலும் அந்த நால்வரால் வேலை நடக்கும். இவ்வளவு வெளிப்படையாக ஒரு சேவை தன் கணக்கைச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களில் ஒருவர் முகம் சுருங்கியது. எனக்கோ பெரும் நிம்மதி ஏற்பட்டது, ஏனென்றால் அந்தப் பள்ளியின் நோட்டு என் நினைவில் இருந்தது.

இரண்டு நாள் பயிற்சி. கரையில் வெள்ளொளி கூடவே கூடாது. முட்டையிட வரும் ஆமை திரும்பிவிடும், குஞ்சுகள் திசை தவறிவிடும். தேவைப்பட்டால் சிவப்பு விளக்கு மட்டும், அதுவும் தலைவர் அனுமதித்தால். கருநிற உடை. கையில் கொசு விரட்டி பூசியிருந்தால் முட்டையைத் தொடக்கூடாது. அதன்பின் மணலில் கூடு தோண்டும் பயிற்சி. முதுகில் நீளவாக்கில் ஓடும் ஏழு வரிகளால் ஏழுவரி ஆமை என்று பெயர் பெற்ற தோல் ஆமை, கடலாமைகளிலேயே மிகப் பெரியது. கடினமான ஓடு இல்லாத ஒரே கடலாமையும் அதுவே. அது தன் பின் துடுப்புகளால் கண்ணால் காணாமலேயே தோண்டும் குழி, வாய் குறுகி அடி அகன்ற குடம்போல் இருக்கும். ஆழம் ஏறத்தாழ முக்கால் மீட்டர். முட்டைகளை இடம் மாற்றிப் புதைப்பதற்கு அதே வடிவத்தைக் கையால் தோண்ட வேண்டும். நான் தோண்டியதை ரோந்துத் தலைவர் குனிந்து தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் காலால் மணலைத் தள்ளி மூடினார், மறுபடி தோண்டச் சொன்னார். மூன்று முறை மூடினார். நான்காவது முறை தலையசைத்தார்.

அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். இளமையில் ஆமை முட்டைகளை எடுத்து விற்று வாழ்ந்தவர். அதை அவரே சொன்னார். அமாவாசை இருட்டில், ஈரமணல் மேல் கருமைக்குள் இன்னும் சற்றுக் கருமையாகத் தெரியும் ஒரு பட்டையைக் காட்டி, ஆமை ஏறிப் போயிருக்கிறது, இன்னும் இறங்கவில்லை என்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கும் அது தெரியத் தொடங்கியது. கண்ணைக் கூர்மையாக்கிப் பார்ப்பதை நிறுத்தி, அகலமாகப் பார்க்கப் பழக வேண்டும் என்று அவர் சொன்னதைச் சொற்களால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. கால்கள் களைத்த ஓரிரவில் தானாக விளங்கியது. ஒரு பல்கலைக்கழகத்தில் கற்ற எதையும்விட இக்கல்வி எனக்கு அரியதாகப் படுகிறது.

முதல் ஆறு இரவுகள் ஆமை எதுவும் வரவில்லை. எட்டு மணிக்குப் புறப்பட்டு நள்ளிரவு வரை அல்லது நள்ளிரவில் தொடங்கி நான்கு மணி வரை நடந்து, வெறுங்கையோடு திரும்பினோம். ஏமாற்றமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னதற்கு, யாரும் வராத இரவையும் பதிவேட்டில் எழுத வேண்டும், அதுவும் தரவுதான் என்று தலைவர் பதிலளித்தார். ஏழாம் இரவு, மழை விட்ட நேரத்தில், ஒன்றரை மீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஒரு தோல் ஆமை கரையேறியது. முட்டையிடத் தொடங்கியபின் அது தன்னைச் சுற்றி நடப்பதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. அளவெடுப்பதும் அடையாள வில்லையைப் பார்ப்பதும் அந்த இடைவேளையில்தான். நான் வயிறு மணலில் படிய, அதன் வாலுக்குக் கீழே குழிக்குள் ஒரு பையைப் பிடித்தபடி கிடந்தேன். முட்டைகள் இரண்டும் மூன்றுமாக விழுந்தன. பை கனத்துக்கொண்டே வந்தது. அதன் மூச்சு நெடிய பெருமூச்சாக, நிமிடக்கணக்கான இடைவெளி விட்டு ஒலித்தது. பின் துடுப்பில் ஏற்கெனவே ஓர் உலோக வில்லை இருந்தது. அதன் எண்ணைத் தலைவர் படிக்கப் படிக்க நான் மனப்பாடம் செய்தேன்.

அந்த முட்டைகளைச் சில மணி நேரத்துக்குள் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட வேண்டும். பிந்தினால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிவிடும். அதன்பின் புரட்டினாலோ அதிர்ந்தாலோ இறந்துவிடும். ஆகவே எட்டுக் கிலோவுக்குக் குறையாத பையை மார்போடு அணைத்து, ஆட்டாமல், இருட்டில் நான்கு கிலோமீட்டர் நடந்தேன். பொரிப்பகத்தில் நான் தோண்டிய குழியைத் தலைவர் தொட்டுப் பார்த்தார், மூடவில்லை. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது, ஏறத்தாழ 29 டிகிரி செல்சியஸை ஒட்டி அது மாறுகிறது, வெப்பம் கூடினால் பெண்கள் மிகுவர். அதனால் நிழற்கூரையை எப்போது விரிப்பது, எப்போது சுருட்டுவது என்பதுகூட அங்கே கணக்கோடு நடக்கும் வேலை. கூடுகளுக்குள் வைத்த வெப்பமானியை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை படித்து எழுதும் காவல்முறை எங்களுடையது. இதே நாட்டின் தோர்துகெரோ கடற்கரையில் 1950-களில் ஆர்ச்சி கார் என்ற அமெரிக்க விலங்கியலாளர் தொடங்கிய ஆமை ஆய்வு இன்றும் தொடர்கிறது. இவ்வகைப் பதிவேடுகளில் நிறைந்திருப்பது இப்படிப்பட்ட சலிப்பூட்டும் எண்கள்தான் என்பதை அப்போது உணர்ந்தேன்.

அக்கரையில் நாங்கள் மட்டும் நடக்கவில்லை. முட்டை எடுப்பவர்களும் நடந்தார்கள். அவர்களைக் கண்டால் வழிமறிக்கவோ பேசவோ கூடாது, வந்த வழியே திரும்ப வேண்டும் என்பது கண்டிப்பான விதி. 2013-இல் அதே கரீபியக் கரையின் மொயின் கடற்கரையில் ஆமைக் காவல் பணியிலிருந்த இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டதற்குப் பிறகு, இவ்விதியை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஓரிரவு, தொலைவில் ஓர் உருவம் விரைந்து மரங்களுக்குள் மறைந்தது. தலைவர் வெகுநேரம் அமைதியாக நடந்தபின், அவன் என் அக்காள் மகன் என்றார். ரோந்து வேலைக்கு இன்னும் இரண்டு பேரை வைத்துக்கொள்ளும் அளவுக்குத் திட்டத்திடம் பணம் இருந்தால் அவனும் இந்தப் பக்கம் வந்துவிடுவான் என்றார். முதல் நாள் ஒருங்கிணைப்பாளர் சொன்ன கணக்கின் முழுப் பொருளும் அங்கேதான் எனக்குப் புரிந்தது. நல்லவர், தீயவர் என்று நான் மனத்துக்குள் வகுத்துக்கொண்டிருந்த கோடு ஒரே குடும்பத்தின் நடுவே ஓடிக்கொண்டிருந்தது.

இத்திட்டத்திடமும் குறைகள் உண்டு. மிக அருகிலுள்ள மருத்துவ நிலையத்துக்குப் படகில் இரண்டு மணி நேரம் ஆகும் என்பதை அங்கு சென்ற பிறகே சொன்னார்கள். இது விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி. காய்ச்சலில் விழுந்த ஒருவரை அனுப்பிவைப்பதில் ஒரு நாள் வீணாயிற்று. மின்னஞ்சலுக்குப் பதில் வர வாரக்கணக்கில் ஆகிறது. படுக்கைகள் எப்போதும் ஈரமாகவே இருக்கும். இதைக் குறை என்பதைவிட அந்த இடத்தின் இயல்பு என்றே சொல்வேன்.

எந்தச் சேவையைத் தேர்ந்தெடுத்தாலும் சில பொறுப்புகள் பயணியுடையவை. ஊதியம் இல்லாத வேலைக்குச் சுற்றுலா விசா போதும் என்று முகவர்கள் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. பிரிட்டனில் சுற்றுலா விசாவில் வருகிறவர், பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்றில் மொத்தம் 30 நாள் வரை மட்டுமே தன்னார்வப் பணி செய்யலாம். வேறு நாடுகளில் ஒரு நாள் பணிக்குக்கூட அனுமதி தேவைப்படலாம். அந்தந்த நாட்டுத் தூதரகத்திடமே எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்ட பத்து நாளுக்குப் பின்னரே செல்லும். 2016 முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லுபடியாகிறது. அவசர மருத்துவ வெளியேற்றத்தையும், உடலுழைப்பின்போது நேரும் காயத்தையும் உள்ளடக்கிய காப்பீடுதானா என்று படித்துப் பார்க்க வேண்டும். பல பயணக் காப்பீடுகள் உடலுழைப்பை விலக்கிவைத்திருக்கின்றன.

நான் பயன்படுத்தாத, ஆனால் விதிமுறைகளைப் படித்தவரையில் என் அளவுகோலுக்கு நெருங்கிவரும் சில சேவைகளையும் குறிப்பிடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் இளைஞர் தன்னார்வத் திட்டமான ஒற்றுமைப் படை, 18 முதல் 30 வயதுக்குட்பட்டோரைத் தன் செலவிலேயே ஏற்றுக்கொள்கிறது, ஏற்பு அமைப்புகளைத் தரச் சான்று இன்றி அனுமதிப்பதில்லை. 1970-இல் உருவாக்கப்பட்டு பான் நகரில் இயங்கும் ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு, தொழில்தகுதி உள்ளவர்களைத் தேர்வு செய்து, வாழ்க்கைப் படி கொடுத்து அனுப்புகிறது. வீட்டிலிருந்தே இணையவழியில் உதவும் வாய்ப்பும் அதில் உண்டு. பறக்காமலேயே பயனுள்ளவராக இருக்க விரும்புகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 1971-இல் இங்கிலாந்தில், லண்டனில் அலுவலகச் செயலராகப் பணிபுரிந்த ஒருவர் வார இறுதிகளில் இயற்கைப் பண்ணைகளுக்குச் சென்று உழைக்க எண்ணியதில் பிறந்த வூஃப் ஏற்பாட்டில், பண்ணையாளர் உணவும் இடமும் தர, வருகிறவர் நாளொன்றுக்குச் சில மணி நேரம் உழைக்கிறார். அங்கே கற்பிப்பவர் யார், கற்பவர் யார் என்பதில் யாருக்கும் குழப்பம் ஏற்பட வழியில்லை.

முகவர் நிறுவனத்துக்குப் பயண ஏற்பாட்டில் ஐந்துக்கு நான்கு, தொண்டுக்கு ஒன்று. தொண்டு முகாமுக்கு நான்கு. கடலாமைத் திட்டத்துக்கு மருத்துவத் தகவலை மறைத்ததற்காக அரை மதிப்பெண் குறைத்து நான்கரை. முகவர் நிறுவனம் நான் திரும்பிய மறுவாரம் அனுப்பிய செய்தியில், நண்பர் ஒருவரைச் சேர்த்தால் தள்ளுபடி என்றும், குழந்தைகளோடு எடுத்த படங்களைப் பகிர வேண்டும் என்றும் கேட்டிருந்தது. படங்கள் எதையும் நான் அனுப்பவில்லை. கடலாமைத் திட்டத்திலிருந்து இரண்டு மாதத்துக்குப் பின் ஒரு சிறு கடிதம் வந்தது. பொரிப்பகத்தில் நான் தோண்டிய கூட்டின் எண்ணை எழுதி, வைத்த முட்டைகள் 78, பொரிந்தவை 46, கடல் சேர்ந்தவை 46 என்று குறிப்பிட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, வேறு கையெழுத்தில், அக்காள் மகன் இந்தப் பருவத்திலிருந்து ரோந்தில் நடக்கிறான் என்று ஒரு வரி இருந்தது.